செட்டு பாடினால் பதிமூன்றரை அடி

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், ஒன்பது வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு வளவு இருந்தது. அங்கே குழாயும் ஒன்று, துணிக்கொடியும் ஒன்று, முருங்கை மரமும் ஒன்று, ஒருத்தி குழம்பு தாளித்தால் ஒன்பது வீட்டுக்கும் பசி எடுக்கும், ஒரு வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டால் மற்ற எட்டு வீட்டிலும் அதற்குத் தீர்ப்பு எழுதப்படும். அந்த வளவில் மூன்றாவது வீடு பேராச்சியுடையது. பத்தடிக்குப் பத்தடி ஒரே அறை. அதற்குள் அடுப்பு, பீரோ, தண்ணீர்க் குடம், புருஷன் பொன்னுலிங்கம், இரண்டு பெண்பிள்ளைகள், மிக்ஸி ரிப்பேர் கடையிலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை, எல்லாம் இருந்தன. ஒரு ஆள் திரும்பிப் படுத்தால் மற்ற மூன்று பேரும் திரும்பிப் படுக்க வேண்டும்.

இப்படி இருக்கையில், உப்பளத்தில் நாற்பத்தைந்து வருஷம் உப்பு வாரிய அவளுடைய அப்பா ஆதிலிங்கம் பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்தது. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்டிவிட வேண்டும், அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் இருந்த தம்பி போனில் தெளிவாகப் பேசினான். "எங்க வீட்ல எடமில்லக்கா. ஒரு முதியோர் காப்பகத்துல சொல்லி வச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்கிடுவாங்களாம்."

பொன்னுலிங்கம் கெட்டவன் இல்லை. அவன் அவளுடைய அளவு நாடாவை வாங்கி, தரையில் முட்டி போட்டு, பீரோவிலிருந்து சுவர் வரை இரண்டு தரம் அளந்து பார்த்தான். "ஏளா, நான் வேண்டாங்கல. கட்டில் போட மூணடி காட்டு, நானே தூக்கிட்டு வாரேன்" என்றான். மூன்றடி இல்லை. ஒன்றேகால் அடிதான் இருந்தது, அதிலும் அவர்கள் இரவில் கால் நீட்டினார்கள்.

மடக்குக் கட்டில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பேராச்சி உவைஸ் காக்காவின் பழைய சாமான் கடைக்குப் போனாள். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஒரு காலத்தில் ஆசை ஆசையாகக் கொண்டுவந்து, பிள்ளைகள் பெரிதானதும் தூக்கிப் போட்ட சாமான்களெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வந்து சேரும். எட்டு மாதத்துக்கு முன் அங்கேதான் அவள் ஒரு ஜப்பான் ரிசீவரை வாங்கியிருந்தாள்: வெள்ளி முகம், மரக்கூடு, சுவிட்ச் போட்டால் பச்சையாக வெளிச்சம் விடும் டயல். பின்பக்கம் மின்சாரத் திருகு நூற்றுப்பத்து வோல்ட்டில் நிற்பதைப் பார்த்து, காசு ஒன்றை வைத்து இருநூற்றிருபதுக்குத் திருப்பி, கரகரத்த வால்யூம் திருகுக்குள் மருந்தடித்துத் துடைத்து, அதை உயிரோடு வைத்திருந்தாள். ஆனால் ஸ்பீக்கர் மட்டும் வாங்கவில்லை. கிடைத்ததெல்லாம் அவளுக்குப் பொருந்தவில்லை. "ஊமைப் பெட்டி" என்று பொன்னுலிங்கம் அதன்மேல் சட்டையைக் காயப்போட்டான்.

"கட்டில் இல்ல பிள்ள" என்றார் உவைஸ் காக்கா. "ஸ்பீக்கர் வந்திருக்கு. இந்தா, ஆள் உசரம். ஒரு ஜோடி வச்சா கல்யாண மண்டபமே ஆடும்."

பேராச்சி பையிலிருந்து மீட்டரை எடுத்து அந்த ஆள் உயர ஸ்பீக்கரின் முனையில் வைத்தாள். மூன்று புள்ளி மூன்று காட்டியது. "இது நாலு ஓம், காக்கா. என் செட்டு இருபது வாட்டு. இது இழுக்குற இழுப்புக்கு அது நுரை தள்ளிரும்." முன்வலையைக் கழற்றி விரலால் தொட்டாள். கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் அப்பளம் மாதிரி பொடிந்து விழுந்தது.

"உனக்குப் பொருள் விக்கதுக்குப் பதிலா பொண்ணு குடுத்துரலாம்" என்றார் அவர். "அதுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க."

அப்போதுதான் அவள் மூலையில் அவற்றைப் பார்த்தாள். பிஸ்கட் டின் உயரத்தில் இரண்டு சின்ன மரப்பெட்டிகள், வலையில் பூனை கீறிய தடம், மேலே யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம். வளையம் ரப்பர், அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. மீட்டரை வைத்தாள். ஆறு புள்ளி இரண்டு. அடுத்ததில் வைத்தாள். ஆறு புள்ளி இரண்டு. அவள் செட்டுக்குப் பொருந்தும் எட்டு ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுபோலக் காட்டுவதுதான் அபூர்வம். டார்ச் பேட்டரி ஒன்றை முனைகளில் தொட்டுக் காட்டியபோது இரண்டு கூம்பும் ஒரே மாதிரி, ஒரே அளவு முன்னால் வந்து எட்டிப் பார்த்தன, கூப்பிட்டதும் வாசலுக்கு வரும் இரட்டைப் பிள்ளைகள்போல. கட்டிலுக்கு வைத்திருந்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தான் பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டதாக ஒரு காலும், இல்லை என்று மறுகாலும் சொல்லிக்கொண்டே நடந்தன.

மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு முக்காலிகளில் அவற்றை வைத்து, நடுவே ஆறடி விட்டு, இரண்டையும் தான் உட்காரும் இடத்தைப் பார்த்து லேசாகத் திருப்பி, சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு என்று வயரை முறுக்கினாள். சுவிட்சைப் போட்டால் அந்த ரிசீவர் உடனே பேசாது. மூன்று எண்ணி, நாலாவதில் உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். டிக் என்றது. எஃப்.எம்மில் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோ விளக்கு சிவப்பாக எரிந்தது. நாதம் பெட்டிகளிலிருந்து வரவில்லை, பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வந்தது, பிறகு பெட்டிகளுக்கு வெளியே போனது, இடது பெட்டியைத் தாண்டி, குடத்தைத் தாண்டி, மேற்குச் சுவர்வரை போய், அங்கே நிற்க இடம் போதாமல் சுவரைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டது.

சுவர் தள்ளிப் போயிற்று. காலண்டரும் சாமி படமும் ஆணியில் ஆடாமல் சுவரோடேயே போயின.

பேராச்சி ஒரு பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நாடாவை எடுத்து அளந்தாள். பதிமூன்றரை அடி. சரியாகப் பொருந்தினால் இப்படித்தான் ஆகும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓடிப்போய் அடுத்த வீட்டு ஜெயசீலியைக் கூப்பிட்டாள்.

ஜெயசீலி வந்து வாசலில் நின்று பார்த்தாள். அப்படியே திரும்பித் தன் வீட்டுக்குள் போய், பொதுச்சுவரின் அந்தப் பக்கத்தை முழம் போட்டு அளந்துவிட்டு வந்தாள். "எங்க வீட்ல ஒரு சாண்கூட குறையல. அப்போ சரி" என்றாள். "ஏட்டி, இவ்வளவு எடத்தையும் வச்சிக்கிட்டா சும்மா இருக்க? எங்க வீட்டு வத்தலக் கொண்டுவந்து காயப்போடுதேன்."

அப்படித்தான் அந்த வளவு அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு நாளில் அதன் குணநலன் எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது: வீணைக்கு நீளம் கூடும், தவிலுக்கு அகலம் கூடும், பெண் குரலில் மெதுவான பாட்டு வந்தால் கூரை ஒரு முழம் எழும்பிக் காற்று வரும். மீடியம் வேவில் செய்தி வைத்தால் மட்டும் அறை இரயில் பெட்டிபோல ஒடுங்கிவிடும், ஏனென்றால் அதில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே விஷயத்தைச் சொல்லும் என்று பேராச்சி விளக்கினாள். அதனால் செய்தி நேரத்தில் எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். செட்டை நிறுத்தினால் அறை உடனே சுருங்காது. ஒரு உலை அரிசி வேகிற நேரம் எடுத்துக்கொண்டு, வற்றல் பாயையும் தையல் மிஷினையும் மூட்டைகளையும் ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு திரும்பி வரும். பிள்ளைகள் வேண்டுமென்றே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அது தங்களைத் தள்ளிக்கொண்டு வருவதை ஒரு சவாரியாக ஆக்கிக்கொண்டார்கள். பொன்னுலிங்கத்தோடு வேலை செய்யும் மூன்று லோடுமேன்கள் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தும் அதை நிறுத்த முடியவில்லை. இரண்டாம் நாளே ஏழாவது வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து அங்கேதான் நடந்தது, நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள், யாரும் யாருடைய இலையையும் மிதிக்கவில்லை.

வளவுக்காரர், அதாவது வீட்டுக்குச் சொந்தக்காரர், செய்தி கேட்டுப் புது வாடகையோடு வந்தார். பேராச்சி மரியாதையாகச் செட்டை நிறுத்திவிட்டு அவருக்குக் காபி போட்டாள். காபி ஆறுவதற்குள் அறை பத்தடியாகிவிட்டது. "பாட்டு நின்னா பத்து, பாடுனா பதிமூணரை" என்றாள் ஜெயசீலி வாசலிலிருந்து. "அண்ணாச்சி பாட்டுக்கு வாடகை கேக்கீகளா, வீட்டுக்கா?" அவர் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டு, அப்படியே ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பு லாரியில் லோடு ஏற்றிவிட்டு வந்த பொன்னுலிங்கம், தோளில் மாமனாரின் நார்க் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேற்குச் சுவரோரம், ஆள் நின்று புரட்ட இரண்டடி விட்டு, அதைப் போட்டான். "கட்டிலுக்கு மூணடி காட்டச் சொன்னேன். காட்டிட்ட" என்றான். "ஆனா ஏளா, பாட்டு நின்னா?"

"நிக்காது. மெதுவா வச்சா அந்தச் செட்டு மாசக்கணக்கா ஓடும். சூடே ஆகாது. கரண்டு போனாலும் உலை வேகுற நேரம் இருக்கு, அதுக்குள்ள கடை இன்வெர்ட்டரை மாட்டிருவேன். நான் கணக்குப் போட்டுத்தான் சொல்லுதேன்."

அவள் கணக்கு சரிதான். அவள் கணக்கில் சேர்க்காதது வளவு.

சனிக்கிழமை காலை செட்டை மெதுவாக ஓடவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு, அவளும் பொன்னுலிங்கமும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தப் பக்கம் அவர்கள் தெருமுனை திரும்பியதும், இந்தப் பக்கம் ஜெயசீலி பரணிலிருந்து தன் புருஷனுடைய பழைய டேப் செட்டின் இரண்டு ஸ்பீக்கர்களை இறக்கினாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்த வளவில் ஒரு குழாயில்தான் ஒன்பது குடமும் நிறைகிறது. ஒரு வீட்டு மிளகாய்ப்பொடிதான் ஒன்பது வீட்டுக் குழம்பிலும் விழுகிறது. அப்படியிருக்க, ஒரு செட்டிலிருந்து இன்னொரு வயர் இழுத்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். பொதுச்சுவரின் ஓட்டை வழியாக வயரை விட்டு, ரிசீவரின் முனைகளில் இருந்த வயரோடேயே தன் வயரையும் சேர்த்து முறுக்கினாள். அவள் வீடு ஒரு முழம் விரிந்தது. அவள் சந்தோஷம் தாங்காமல் ஐந்தாம் வீட்டில் சொன்னாள். ஐந்தாம் வீட்டுக்காரர் பழைய டிவியைப் பிரித்தார். ஏழாம் வீட்டில் ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். எட்டாம் வீட்டில் ஒன்றுமே இல்லாததால் ஹெட்போனை மாட்டினார்கள். மற்ற வீடுகளும் சும்மா இருக்கவில்லை. எல்லா வயரும் ஒன்றோடொன்று பின்னி, முருங்கை மரத்தின் வழியாக, துணிக்கொடியின் மேலாக, கடைசியில் அந்த இரண்டு திருகுகளில் வந்து தொங்கின. ஒன்பது வீடும் சேர்ந்து பெருமூச்சு விட்டதுபோல விரிந்தன.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது வளவு திருவிழாக் கோலத்தில் இருந்தது. ஆதிலிங்கத்தை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் கூரையைப் பார்த்தார், மேற்குச் சுவரைப் பார்த்தார். "நல்ல வீடா இருக்கே" என்றார். "பத்தடின்னு சொன்னான் உன் தம்பி."

பேராச்சியின் மூக்கில் சூட்டு வாடை பட்டது. திரும்பினாள். ரிசீவரின் மரக்கூட்டுக்கு மேல் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தவள் அந்த வயர்ச் சடையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அதற்குள் உள்ளே டிக் என்றது, பாட்டு நின்றது.

"அக்கா, என்ன செஞ்சீங்க?"

"நாங்களும் கொஞ்சம் எடுத்துக்கிட்டோம், பிள்ள" என்றாள் ஜெயசீலி. "கொழாய் மாதிரிதானே."

"கொழாய்ல தண்ணி தீந்தா நின்னுக்கிடும். இது நிக்காது. கேக்குறவங்களுக்கெல்லாம் ஊத்திக்கிட்டே இருக்கும், தான் வெந்து சாகுறது வரைக்கும்." அவள் குரல் உயரவில்லை, விரல்கள் அதற்குள் முறுக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. "சாகல. தன்னைத்தானே அணைச்சுக்கிடுச்சு. சூடு ஆறுனாத்தான் திரும்பப் பேசும்."

"எவ்வளவு நேரமாகும்?"

பேராச்சி கூட்டின்மேல் கை வைத்து எடுத்தாள். மேற்குச் சுவரைப் பார்த்தாள். அது புறப்பட்டுவிட்டது.

பிறகு அந்த வளவு செய்ததை அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஒன்பது வீட்டிலிருந்தும் சுளகு வந்தது, பனையோலை விசிறி வந்தது, மேஜை ஃபேன் வந்தது, ஒருவர் காலண்டர் அட்டையோடு வந்தார். எல்லோரும் அந்த வெள்ளிமுகச் செட்டைச் சுற்றி உட்கார்ந்து, காய்ச்சல்காரனுக்கு விசிறுவதுபோல விசிறினார்கள், வியர்க்க வியர்க்க, ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கி, நடுவில் ஜெயசீலி ஜெபம் செய்ய, ஐந்தாம் வீட்டுக்காரர் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொள்ள. பேராச்சி சுவிட்சைப் போட்டாள். மூன்று எண்ணினார்கள். நாலாவதில் ஒன்றுமில்லை. மறுபடி விசிறினார்கள். கிழக்கே வழியில்லாமல் பீரோவும் அடுப்பும் நின்றன. கட்டிலைத் தள்ளினால் அது நேரே அடுப்பின்மேல்தான் போய் மோதும், தூக்கினால் அவருடைய இடுப்பு தாங்காது. சுவர் மூன்று விரல் வந்தது.

"தூக்கிருவோமா?" என்றான் பொன்னுலிங்கம்.

"டாக்டர் அசைக்கக் கூடாதுன்னாரு."

"பேராச்சி" என்றார் ஆதிலிங்கம் கட்டிலிலிருந்து, அமைதியாக. "அந்தக் காப்பகத்துக்கே போறேன்மா. எதுக்கு இம்புட்டுப் பேரு கஷ்டப்படணும்?"

"நீங்க சும்மா இருங்கப்பா."

அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றாள். சுவரைத் தள்ளி நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். மூன்று லோடுமேன்களே முடியாமல் விட்ட சுவர் அது. ஆனாலும் வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் குனிந்து நின்றாள். அவருடைய கை வந்து அவள் கைமேல் விழுந்தது, நாற்பத்தைந்து வருஷ உப்பில் ஊறி வெடித்த கை. விசிறிகளின் படபடப்பு கேட்டது. சுவர் வந்து, கூட்டமான பஸ்ஸில் பின்னால் நிற்கிறவர் படுவதுபோல அவள் முதுகில் பட்டது.

பட்டு, நின்றது.

எல்லோரும் விசிறுவதை நிறுத்தினார்கள். செட்டு அமைதியாக இருந்தது. உலை அரிசி வேகிற நேரம் ஆயிற்று, குழைகிற நேரமும் ஆயிற்று. சுவர் அங்கேயே நின்றது, அதில் காலண்டரும் சாமி படமும் நேராகத் தொங்கின. பொன்னுலிங்கம் முட்டி போட்டு அளந்தான். "பதிமூணு" என்றான். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தான். "பாட்டு இல்ல. பதிமூணு."

அதற்குப் பிறகுதான், யாரும் கேட்காமலே, செட்டு உள்ளே டிக் என்றது. யாரோ ஒரு பெண் பாடத் தொடங்கினாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் முற்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. காதுகுத்துப் பந்தி முடிந்து நாற்பது பேரும் உட்கார்ந்திருக்கையில் செட்டை நிறுத்தியபோது சுவர் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்ததே, இப்போது மட்டும் ஏன் நின்றது என்று ஐந்தாம் வீட்டுக்காரர் கேட்டார். செட்டு பழுதாகியிருக்கும் என்றார் ஒருவர். பேராச்சியின் முதுகுப் பலம் என்றார் இன்னொருவர். ஜெயசீலி வற்றலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காதுகுத்துக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போறவங்க" என்றாள் கடைசியில். "வத்தலு காஞ்சதும் எடுக்குறது. பிள்ளைக விளையாடிட்டு ஓடுறது. இருக்க வந்தது இவ அப்பா ஒருத்தருதான். இருக்க வந்த ஆளத் தள்ள மாட்டேங்கு, அவ்வளவுதான்." பிறகு பேராச்சி பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்தச் செட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் தருவியா? ஒத்தையா மாட்டுதோம், ஒரு ஜோடி மட்டும். நீயே வந்து மீட்டர் வச்சுப் பாரு."

"தாரேன்க்கா. எங்களுக்குத்தான் இனி அது பாட்டுக் கேக்க மட்டும்தானே. உங்களுக்கு என்னைக்கு வேணும்?"

"செவ்வாக்கிழமை."

"யாரப் படுக்க வைக்கப்போறீக?"

ஜெயசீலி கையிலிருந்த வற்றலைப் பாயில் போட்டாள். போன வருஷம் சித்திரையில், நாசரேத்தில் தனியாக இருக்கும் புருஷனின் அக்கா, கண் சரியாகத் தெரியவில்லை என்று பெட்டியோடு வந்து வாசலில் நின்றபோது, வீட்டில் இடமில்லை என்று இதே முற்றத்தில் நின்று அவள் சொன்னதை ஒன்பது வீடும் கேட்டிருந்தது. இப்போது ஒன்பது வீடும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. எட்டாம் வீட்டுக்காரர் எழுந்து போய், யாரையோ கூப்பிட வேண்டும் என்பதுபோலத் தன் போனைத் தேடினார். ஏழாம் வீட்டில் அம்மாவும் மகளும் தணிந்த குரலில் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டார்கள்.

ஜெயசீலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் வெகு நேரம் மணி அடித்தது.

"மதினி, நான்தான், ஜெயசீலி" என்றாள். "சாப்பிட்டாச்சா? ... ஒண்ணுமில்ல மதினி. செவ்வாக்கிழமை அவுகள அனுப்புதேன், பெட்டியக் கட்டி வையுங்க. ... இல்ல, இல்ல, விருந்துக்கு இல்ல." அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "விருந்துக்கு வந்தா சுவரு நிக்காதாம். இருக்க வாங்க."